இஸ்திரிப் பெட்டியும் ரெஜிஸின் காலும்

தூசி துடைக்கும் துணியைக்கூடத் தேய்த்து, நாலாக மடித்துத்தான் அலமாரியில் வைப்பாள் கிஸ்லேன். மதியம் பன்னிரண்டானதும் பட்டறையில் நாங்கள் ஆறு பேரும் சாப்பிடக் கிளம்பிவிடுவோம். அவள் வரமாட்டாள். ரம்பத்துக்கும் சூட்டடுப்புக்கும் நடுவே, கொஞ்சம் பருமனான ஆள் திரும்ப முடியாத சந்தில், தேய்ப்புப் பலகையை விரிப்பாள். இடது கையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், வலது கையில் இஸ்திரிப் பெட்டி. ஒரு கடி, ஒரு தேய்ப்பு. பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருக்கும். விரல் நுனிகளை அதில் தோய்த்துத் துணிமேல் சுண்டிவிட்டுப் பெட்டியை வைப்பாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். நாங்கள் திரும்பி வரும்போது எங்கள் மேலங்கிகள் ஆள் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும்.

"ரெசின் துடைக்கிற கந்தல். அதைப் போய்த் தேய்க்கிறியே, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கசங்கிக் கிடந்தாத்தான் அது கந்தல். தேய்ச்சு வெச்சா துணி" என்றாள். 

கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக்கால் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. என் வேலை மாவு வேலை. வெட்டுப்பட்ட காலில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதை மாவுக்கட்டால் அச்செடுத்து, அதே வடிவத்தில் ஒரு மாவுக்கால் வார்த்துக் கொடுப்பேன். கிஸ்லேன் அதன்மேல் துணியைச் சுற்றி, பையை மாட்டி, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, காற்றை உறிஞ்சி இறுக வைத்து, உள்ளே இருக்கும் மாவை உடைத்தெடுத்தால் ஒரு கிண்ணம் கிடைக்கும். மிச்சக்கால் போய் உட்காருவது அந்தக் கிண்ணத்தில்தான். அதற்குக் கீழே இருக்கும் குழாயும் பாதமும் கடையில் வாங்குகிற சமாச்சாரம். கிண்ணம் சரியில்லை என்றால் மனிதன் நடக்கமாட்டான். நாங்கள் சேர்ந்து வேலை செய்யும் இந்த இருபத்தாறு வருடத்தில் என் பெயரை அவள் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. முடியிலும் புருவத்திலும் வெள்ளையாகத் திரிவதால் நான் அவளுக்கு 'மாவுக்காரன்'.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டையான உருவம், ரொட்டி பிசைகிறவளின் புஜம். வருகிறவர்களின் முகம் அவளுக்கு நினைவில் நிற்காது, கால்தான் நிற்கும். "சந்தையில அந்த இடது முழங்காலைப் பார்த்தேன். பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்பாள். முடிந்த கிண்ணத்தின் உட்புறத்தைக் கன்னத்தில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். "நாளெல்லாம் ஒருத்தன் தோல்ல உரசப் போவுது. என் தோல்ல ஒரு நிமிஷம் உரசட்டுமே."

எனக்கு அவளிடம் எரிச்சல் ஊட்டுவது ஒன்றே ஒன்று. நேரான பதில் வராது. பிரான்ஸின் இந்த நார்மண்டிப் பக்கத்துக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான், ஆனால் இவள் அதில் பட்டம் வாங்கியவள். மழை வருமா என்று கேட்டாலும், ரெசின் இறுகிவிட்டதா என்று கேட்டாலும், நாளைக்கு வேலைக்கு வருவாயா என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆனாலும் ஆவும், ஆவாமலும் போவும்."

ரெஜிஸ் விஷயத்தில் மட்டும் அவள் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரெஜிஸ் அவளோடு ஒரே பள்ளியில் படித்தவன். ஆளிச்செடி திருப்பும் எந்திரம் ஓட்டுபவன். எங்கள் பக்கத்தில் ஆளியை ஜூலையில் வேரோடு பிடுங்கி வயலிலேயே வரிசையாகப் படுக்கப் போடுவார்கள். பனியும் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுத் தண்டு ஊறி இற்றால்தான் உள்ளே இருக்கும் நார் கழன்று வரும். ஒரு பக்கம் ஊறியதும் மறுபக்கம் புரட்டிப் போட வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் பதம் போச்சு. அந்த எந்திரத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் ரெஜிஸ். மூன்று வருடத்துக்கு முன் சர்க்கரைக்கிழங்கு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது.

அவனுக்கு நாங்கள் கார்பன் இழையில் கிண்ணம் செய்து கொடுத்தோம். தரையில் நன்றாக நடந்தான். எந்திரத்தில் ஏறினால்தான் வினை. அதன் அதிர்வு முழுவதும் கார்பன் வழியாக ஏறி எலும்பில் போய் இடிக்கும். போன வருடம் ஒரே ஒரு நாள் ஓட்டினான். மாலையில் மிச்சக்காலில் போட்டிருந்த உறையைக் கழற்றியபோது தோல் உரிந்து ரத்தம். "எலும்புக்குள்ள எவனோ உக்காந்து ஆணி அடிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் அழுதான். இந்த வருடம் எந்திரத்தை வாங்க ஓர் ஆள் வந்து, சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. "ஆளி திருப்புற நாள் வரைக்கும் பொறு. நான் ஏறலைன்னா ஓட்டிக்கிட்டுப் போ" என்று ரெஜிஸ் அவனுக்குச் சொல்லியிருந்தான்.

மே மாதம் ஒரு விற்பனையாளன் பட்டறைக்கு வந்தான். மேசையில் இரண்டு தகடு வைத்தான். ஒன்று கார்பன், மற்றது ஆளிநார்த் துணியை ரெசினில் தோய்த்து இறுக்கியது. கார்பனை விரல் மடக்கித் தட்டினான், டங்கென்றது. ஆளியைத் தட்டினான், டப் என்று அடங்கிவிட்டது. அடியையும் அதிர்வையும் இது தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும் என்றான். கிஸ்லேன் அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஐந்தாறு தடவை தட்டிப் பார்த்தாள்.

"இது வாயைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்குது பாரு. இது ரெஜிஸுக்கு" என்றாள்.

"செஞ்சா நிக்குமா?" என்றேன்.

"நிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

எங்கள் தலைமைக்காரி ஷார்லோத்துக்கு முப்பத்தெட்டு வயது, கறாரானவள். "செய்ங்க கிஸ்லேன், வேணாங்கல. ஆனா எந்திரம் சரின்னு சொன்னாத்தான் மனுஷன் கால்ல ஏறும்" என்றாள். அவள் சொன்னது எங்கள் பின்னறையில் இருக்கும் அழுத்தும் எந்திரம். எடையுள்ள ஆள் படியில் தடுக்கி விழும்போது கிண்ணத்தில் எவ்வளவு பாரம் இறங்குமோ அவ்வளவையும் அது இறக்கிப் பார்க்கும். விற்பனையாளன் விட்டுப்போன ஆளித்துணி மூன்று கிண்ணத்துக்குத்தான் காணும். அடுத்த துணி அக்டோபரில்தான் வரும். அக்டோபரில் வயலில் என்ன இருக்கும், எலிதான் இருக்கும்.

அளவெடுக்க வந்த ரெஜிஸ் துணியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா கிஸ்லேன், கால் செய்யப் போறியா, இல்ல என் மாமியா மேசைவிரிப்பை எடுத்துச் சுத்தப் போறியா?"

"உன் மாமியா மேசைவிரிப்பு உன் மூஞ்சியை விட நல்லாத்தான்யா இருக்கும். பேசாம காலை நீட்டு."

அவன் துணியிலிருந்து ஒரு நூலை உருவி, பல்லால் கடித்து இழுத்து, வெளிச்சத்தில் பார்த்தான். "நல்ல ஊறல். யாரோ விவரமானவன் திருப்பியிருக்கான்" என்று சொல்லி அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டான்.

ஆளிநாரில் ஒரு சிக்கல் உண்டு. கார்பன் தண்ணீர் குடிக்காது. ஆளி குடிக்கும். சும்மா அலமாரியில் கிடந்தாலே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு ரெசினை ஊற்றினால் துணியும் ரெசினும் ஒட்டாது, பொரிந்து நிற்கும். அதனால் அடுப்பில் வைத்து நன்றாக உலர்த்த வேண்டும் என்று தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கிஸ்லேன் அதைச் சுவரில் ஒட்டி வைத்தாள். காலையில் அடுப்பில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, இரண்டு மணிக்குச் சுற்றத் தொடங்கினாள். ரெசின் இறங்க இறங்கத் துணி கடுங்காப்பி நிறத்துக்கு மாறியது. அடுத்த நாள் மாவை உடைத்தபோது வந்த கிண்ணம் தேன் போல மினுங்கியது. ஒரு சுருக்கம் கிடையாது. பட்டறையே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது.

பின்னறை எந்திரம் பாதிப் பாரம்கூட இறக்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம். கிண்ணத்தின் வயிற்றில் வெள்ளையாக மேகம் போலப் படர்ந்து, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். விற்பனையாளன் தொலைபேசியில் ரெசினைக் குறை சொன்னான். ரெஜிஸ் உடைந்த துண்டை ஈவ்தோ சந்தைக்கே எடுத்துப் போனான். அங்கே நாலு விவசாயிகள், "ஊறல் மிஞ்சிப்போச்சு", "மிஞ்சல, பத்தல" என்று அவனையும் சேர்த்துக் கட்சி கட்டிச் சண்டை போட்டார்களாம். ஷார்லோத் என்னைப் பார்த்தாள். "உங்க மாவு சரியாக் காஞ்சுதா?" என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தாறு வருடமாக மாவு வார்க்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? இருந்தாலும் அடுத்த மாவுக்காலை ஒரு வாரம் அடுப்படியிலேயே வைத்துக் காயவிட்டேன். எலும்பு போலக் காய்ந்தது.

இரண்டாவது கிண்ணமும் அதே இடத்தில், அதே சத்தத்தோடு பிரிந்தது.

அன்று கிஸ்லேன் சாப்பிடவில்லை. உடைந்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவன் கால்ல இருக்கும்போது உடைஞ்சிருந்தா?" என்று கேட்டாள். துணி ஒரு கிண்ணத்துக்குத்தான் மிச்சம். வயலில் ஆளி பிடுங்கிப் படுத்தாகிவிட்டது. இனி பன்னிரண்டு நாளோ, பதினான்கு நாளோ. வானத்தைப் பொறுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நாதேஜின் அண்ணன் வீட்டார் விருந்துக்கு வருவதாக இருந்தது. நாதேஜ் கூடத்தில் லினன் மேசைவிரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பியோடு உட்கார்ந்து ஷார்லோத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நாதேஜ் கிண்ணியில் விரலைத் தோய்த்தாள். துணிமேல் சுண்டினாள். பெட்டி உஸ்ஸென்றது.

காப்பி என் மடியில் கொட்டியது.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"தண்ணி... எதுக்குத் தெளிக்கிற?"

"இது என்ன கேள்வி? லினனைத் தண்ணி தெளிக்காம எவ தேய்ப்பா? காஞ்ச லினன் எந்தப் பெட்டிக்கு மசியும்?"

உண்மைதான். இந்த ஊரில் அது நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். லினன் என்பது ஆளி. ஆளியைத் தொட்டதும் இந்த ஊர்க் கைகள் தண்ணீரைத் தேடிப் போகும். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இரண்டாவது கிண்ணத்தன்று நான் கண்ணாடியை மறந்துவிட்டு, மதியம் பாதியிலேயே பட்டறைக்குத் திரும்பியிருந்தேன். கிஸ்லேன் அடுப்பிலிருந்து எடுத்த ஆளித்துணியைப் பலகையில் விரித்து, தம்ளரில் விரலைத் தோய்த்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மாவுக்காரா, அந்த நுனியைப் பிடி" என்றாள். பிடித்தேன். இழுத்து வேறு கொடுத்தேன். அவள் தலைக்கு மேலேயே சுவரில் அந்தத் தாள், கொட்டை எழுத்தில். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பொய் சொல்வானேன், முதலில் சந்தோஷப்பட்டேன். என் மாவு தப்பித்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் சந்தோஷம் போய்விட்டது. அவளிடம் யார் சொல்வது? கிஸ்லேனுக்குத் தேய்க்கத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் பின்னறை எந்திரத்துக்குள் நான் காலை விடலாம்.

திங்கட்கிழமை காலை அவள் மேலங்கியை மாட்டும்போதே போய் நின்றேன்.

"கிஸ்லேன், ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது."

"அப்ப சொல்லாத."

சொன்னேன். அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"நான் எங்கம்மா இடுப்புல இருக்கும்போதே தேய்க்கக் கத்துக்கிட்டவ. இந்த ஊரு கோயில் பீடத்துக்குப் போடற துணி முப்பது வருஷமா என் கையாலதான் போவுது. மாவு பிசையற நீ எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா? கசங்குன துணியை ஒருத்தன் கால்ல சுத்தச் சொல்றியா? போ. போயி உன் வாளியைக் கழுவு."

போய்க் கழுவினேன். வேறு என்ன செய்ய? கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த தாளைப் படித்தாள். பிறகு முன்பு வெட்டியதில் மிஞ்சிய ஆளித்துண்டு ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தாள். இரண்டு மணி நேரம் காயவிட்டாள். எடுத்தாள். ரெசின் நிறுக்கும் தராசில் வைத்தாள். ஐம்பது கிராம். பலகையில் விரித்து, எப்போதும் போலத் தண்ணீர் தெளித்து, எப்போதும் போலத் தேய்த்து, எப்போதும் போல நாலாக மடித்து வைத்தாள். சாப்பாட்டு நேரம் முழுவதும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு மறுபடி தராசில் வைத்தாள். ஐம்பத்து நான்கு.

ஒரு முறை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தாள். ஐம்பத்து நான்குதான்.

எழுந்து நேராக ஷார்லோத்தின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. "நான்தான். ரெண்டு தடவையும் நான்தான். அடுப்பு எடுத்த தண்ணியை நானே திருப்பி ஊத்தியிருக்கேன். மாவுக்காரன் அச்சுல ஒரு குத்தமும் இல்ல." 'ஆனாலும் ஆவும்' எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஷார்லோத் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்கம்மாவும் அப்படித்தான் தேய்ப்பாங்க" என்றாள். "எனக்கே தோணலையே, கிஸ்லேன். அடுப்புக்கு முன்னாடி தேய்ங்க. எவ்வளவு வேணா தேய்ங்க. அடுப்புலேர்ந்து எடுத்தா நேரா அச்சுலதான்."

கிஸ்லேனுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. தொலைபேசியை எடுத்து ரெஜிஸைக் கூப்பிட்டாள். பேசும்போது மறு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், கேளு. உன் காலை ரெண்டு தடவை உடைச்சது நான்தான்." என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். நாங்கள் எல்லோரும் வேலை செய்வது போல நடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ரெஜிஸின் குரல் எனக்கே கேட்டது. "அப்ப ஊறல்ல குத்தமில்ல?"

"இல்ல."

"சந்தையில நாலு பேரோட சண்டை போட்டேனே. அவனுங்க முகத்துல முழிக்கணுமே இனி." பிறகு, "இன்னும் ஒண்ணுக்குத் துணி இருக்குல்ல?"

"இருக்கு."

"சுத்து."

புதன்கிழமை சுற்றினாள். துணியை முந்தின நாளே ஆசை தீரத் தேய்த்திருந்தாள். தம்ளர் தண்ணீர் இரண்டு முறை காலியானது. பிறகு இரவெல்லாம் அடுப்பு. காலையில் கதவைத் திறந்ததும் வைக்கோல் வாசனை வந்தது. எலும்பு போலக் காய்ந்த ஆளித்துணி சொன்ன பேச்சுக் கேட்காது, விறைத்துக்கொள்ளும். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து காற்று ஈரத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். ஷார்லோத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிஸ்லேன் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போட்டுக்கொண்டே வந்தாள். கடைசிச் சுற்றில், முழங்காலுக்குக் கீழே, சரியாக முன்பக்கம், ஒரு சுருக்கம் விழுந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும்.

இழுத்தாள், போகவில்லை. இன்னொரு பக்கம் இழுத்தாள், அங்கே வந்து நின்றது. "அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள் ஷார்லோத். நான் அச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கிஸ்லேனின் வலது கட்டைவிரல் வாய்க்குப் போனது. நாக்கில் பட்டு நனைந்து, துணியை நோக்கி வந்தது. நான் அச்சை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

ரொட்டி பிசைகிற கை அது. நான் பிடித்து நிற்கக்கூடியதல்ல. ஆனால் அவள் உதறவில்லை. ஈரக் கட்டைவிரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"விட்டுடு கிஸ்லேன். இருக்கட்டும்."

"சுருக்கத்தோடயா?"

"சுருக்கத்தோட."

"எல்லாருக்கும் தெரியுமே, மாவுக்காரா" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதுகூடத் துணியில் விழுந்துவிடக் கூடாதென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்படித் திரும்பியபடியே, "பையை மாட்டு" என்றாள். மாட்டினோம். ரெசின் இறங்கியது. சுருக்கம் கடுங்காப்பி நிறத்தில் அப்படியே நின்றது.

சோதனைக்கு அவள் பின்னறைக்கு வரவில்லை. தேய்ப்புப் பலகைக்கு முன்னால் நின்று ஒரே துணியைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எந்திரம் பாதிப் பாரம் இறக்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். முக்கால் பாரம். முழுப் பாரம். ஷார்லோத் அதற்கும் மேலே கொஞ்சம் ஏற்றினாள். கிண்ணம் வாயைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

நான் வெளியே வந்து தலையை ஆட்டினேன். "ம்" என்றாள். அந்தத் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அவள் சைக்கிள் பஞ்சராகிவிட்டதால் என் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியை விட்டு வயல் பாதையில் திருப்பினேன். "எங்கய்யா போற?" என்றாள். சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும். மேட்டில் ஏறியதும் தெரிந்தது. தூசிக்கு நடுவே எந்திரம் மெல்ல ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் படுத்திருந்த வரிசைகள் பொன்னிறமாகப் புரண்டு விழுந்துகொண்டிருந்தன. மேலே ரெஜிஸ். காலை ஏழு மணியிலிருந்து ஓட்டுகிறான் என்று வேலியோரம் நின்றவர் சொன்னார். எந்திரத்தை வாங்க வந்தவனும் வரப்பில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜிஸ் எங்களைப் பார்த்தான். நிறுத்தவில்லை. பாதி வரிசையில் எவன் நிறுத்துவான்?

கிஸ்லேன் வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "இங்கேர்ந்து பார்த்தா அந்தச் சுருக்கம் தெரியுதா?" என்றாள்.

"அவன் காற்சட்டை போட்டிருக்கான் கிஸ்லேன்."

"தெரியும். கேட்டேன்."

செப்டம்பரில் ரெஜிஸ் சோதனைக்கு வந்தான். எந்திரத்தை விற்கவில்லை. பன்னிரண்டு நாள் ஓட்டியிருக்கிறான். உறையைக் கழற்றிக் காலை நீட்டினான். ஷார்லோத் குனிந்து விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். லேசான சிவப்பு, அவ்வளவுதான். தோல் முழுசாக இருந்தது. ரெஜிஸ் கிண்ணத்தைத் தேய்ப்புப் பலகைமேல் வைத்துவிட்டு, ஒற்றைக்காலில் சாய்ந்து நின்று கிஸ்லேனைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாம் சரி. ஊரு பூரா துணி தேய்க்கிறவ, என் கால்ல மட்டும் இப்படிச் சுருக்கத்தை விட்டுட்டியே. மாமியா பார்த்தா என்ன சொல்லுவா?"

கிஸ்லேன் பெட்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்புறத்தைக் கன்னத்தில் வைத்து ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் வலது கை தன் பாட்டில் தம்ளருக்குப் போய், விரல் நுனிகள் தண்ணீரில் இறங்கின. அங்கேயே நின்றன. கையை வெளியே எடுத்து, மேலங்கியில் ஒவ்வொரு விரலாக, முன்னும் பின்னும், நன்றாகக் காயும்வரை துடைத்தாள். பிறகு அந்தக் காய்ந்த கட்டைவிரலால் சுருக்கத்தை மேலிருந்து கீழே ஒரு முறை நீவிவிட்டு, கிண்ணத்தை ரெஜிஸின் கையில் கொடுத்தாள்.